நீங்க என்ன பார்த்தீங்க, சிஸ்டர்?

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மீட்டிங் முடிந்து எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்.

"ஒரு நிமிஷம். நீங்க என்ன பார்த்தீங்க?"

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மீட்டிங் நடக்கும். புற்றுநோய் என்று உறுதியானவர்களின் ஃபைல்கள் எல்லாம் அந்த மேஜைக்கு வரும். சர்ஜன் மேடம், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர், ஸ்கேன் டாக்டர், என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற டயட் மேடம், ரேடியேஷன் மிஷினை ஓட்டும் டெக்னீஷியன், ஃபைல்களைச் சுமந்துகொண்டு போகிற நர்ஸாக நான். எனக்கு முந்தைய காலத்தில் அங்கே ஒரு பெரிய சர்ஜன் இருந்தாராம். அவர் சொன்னதுதான் சட்டம். அவர் ஓய்வு பெற்ற பிறகு தலைவர் என்று தனியாக யாரும் வேண்டாம், வாரத்துக்கு ஒருவர் நடத்தலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். யார் நடத்தினாலும் கடைசியில் கேட்பது என்னவோ இவர்தான்.

இவர் பெத்தாலஜி டாக்டர். உடம்பிலிருந்து எடுத்த சதைத்துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா, எவ்வளவு மோசம் என்று சொல்கிறவர். இவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வேலை. ஆனால் நோயாளிகள் யாரும் இவரைப் பார்த்ததில்லை, இவரும் அவர்களைப் பார்த்ததில்லை. பிணவறைக்குப் பக்கத்துக் கட்டிடத்தில், வெயில் விழாத ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். மதியச் சாப்பாடும் அங்கேயேதான், கதவைச் சாத்திக்கொண்டு.

மேஜையில் யாரிடமும் "என்ன நினைக்கிறீங்க?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. டயட் மேடம் ஒரு தடவை, "எனக்கு என்ன தோணுதுன்னா சார்..." என்று ஆரம்பித்தார். உடனே இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தோணறது அப்புறம் மேடம். பார்த்ததைச் சொல்லுங்க. நான் பார்க்கறது நகத்தளவு சதை. மிச்ச ஆளை நீங்கதான் பார்க்கறீங்க."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். பக்கத்துக்கு ஒரு நோயாளி. மேலே பெயர், பெயருக்குக் கீழே அந்த ஆள் செய்கிற வேலை. பிறகு ஒவ்வொருவரும் சொன்னது, ஆளுக்கு ஒரு வரி. கடைசி வரியில் "நான்:" என்று போட்டு, ஸ்லைடில் தான் கண்டதை எழுதுவார். தன்னுடையதை முதலில் எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்களுக்கு எரிச்சலாக வரும். ஓ.பி.யில் கூட்டம் நிற்கும், இவர் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைப் போலவே தலையைச் சாய்த்து, "நீங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுச் சிரிப்போம். கேன்டீனில் இட்லி கல்லாக இருந்தால்கூட அந்தக் கேள்விதான். நன்றாக நடித்துக் காட்டியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் டீ கொண்டுவந்த அக்காவிடமே கேட்டுவிட்டார். அந்த அக்கா தட்டை வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். வேலை போய்விடுமோ என்று பயம்.

"மூணாம் பெட்டு அம்மா சார்... ஆவி பறக்கற டீயை மடக்குனு குடிக்குது. எனக்குக் கையே பொறுக்கல. அதுக்கு வாயில சூடே தெரியல போலிருக்குது."

சர்ஜன் மேடம் எழுந்தே நின்றுவிட்டார். அந்த அம்மாவுக்கு உதடு மரத்துப்போயிருப்பதை யாரும் சோதித்திருக்கவில்லை. நரம்பு வரைக்கும் நோய் போயிருந்தது. செய்வதாக இருந்த ஆபரேஷனை அன்றைக்கே மாற்றினார்கள். இவர் நோட்டில் "டீ அக்கா: சூடு தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு பெருமிதமும் இல்லை. அதற்கப்புறம் கேலி கொஞ்சம் குறைந்தது. நான் மட்டும் விடவில்லை.

என் முறை வரும்போதெல்லாம் நான் சொல்வது ஒரே வார்த்தைதான். "ஒண்ணுமில்ல சார்." உப்பளத்துக்காரன் மகளுக்கு இத்தனை டாக்டர்கள் நடுவில் பேச என்ன இருக்கிறது என்று ஒரு எண்ணம். பணிவு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உண்மையில் சோம்பேறித்தனம். சொன்னால் ஏன், எப்போது என்று நான்கு கேள்வி வரும், ஃபைலில் இன்னொரு தாள் சேரும். அவரும் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சிஸ்டர்: ஒண்ணுமில்ல" என்று எழுதிக்கொள்வார்.

அப்படி எழுதிய பக்கங்களில் ஒன்று எங்கள் ஊர்க்காரருடையது.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. அவர் எனக்குச் சித்தப்பா முறை. என் அப்பாவோடு ஒரே வரப்பில் நின்று உப்பு வாரியவர். புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்துக்குள் புண் வந்து, அது புற்றாகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்து முப்பது நாள் ரேடியேஷன் என்று மேஜையில் முடிவானது. அதற்கு முகத்துக்கு ஒரு மூடி செய்வார்கள். வலை வலையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். ஆறினதும் அந்த ஆளின் முகமாகவே இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டினால் தலை ஒரு நூல்கூட அசையாது.

மூடி செய்த அன்று, நம்ம ஊர் ஆள் என்று நான் பக்கத்தில் நின்றேன். தகடு முகத்தில் இறங்கியதும் சித்தப்பாவின் கை தேடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. உப்பு வாரிய கை. ஆறுகிற வரைக்கும் விடவில்லை. விட்டபோது ஐந்து நகமும் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "பழகிடும் சித்தப்பா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாயில் தையல் இருந்தது.

மறுநாள் செவ்வாய். ரேடியேஷன் தொடங்குவதற்கு முன் ஃபைல் கடைசியாக ஒருமுறை மேஜைக்கு வந்தது.

"நீங்க என்ன பார்த்தீங்க, சிஸ்டர்?"

யூனிஃபார்ம் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

பதினோரு நாள் வந்தார் சித்தப்பா. பன்னிரண்டாம் நாள் வரவில்லை. போன் போட்டால் சின்னம்மா எடுத்து, "வருவாங்கம்மா, நாளைக்கு வருவாங்க" என்பாள். ஒரு மாதம் ஓடிவிட்டது. ஃபைல் மறுபடியும் மேஜைக்கு வந்தபோது, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நானாகவே வாயைத் திறந்தேன்.

"சீசன் சார். ஏப்ரல், மே வந்துட்டா எங்க ஊர் ஆளுங்க பாத்தியை விட்டு நகர மாட்டாங்க. வெயில் இருக்கும்போதே வாரணும். உசுரே போனாலும் உப்பை வுட மாட்டாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஊர்க்காரி சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும். எனக்கும் பெருமையாக இருந்தது. அவர் மட்டும் பேனாவை மூடிவிட்டார்.

"அதைப் பார்த்தீங்களா சிஸ்டர்? நினைக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊரு சார். எனக்குத் தெரியாதா?"

"தெரியும். பார்த்தீங்களான்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு நான் கோட்டக்குப்பத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். பொம்மையார்பாளையத்தில் அவர் ஏறினார். அங்கே ஒரு மாடி வீட்டில் அவர் தனியாக இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக் கோட் இல்லாமல் பார்க்க யாரோ போல இருந்தார். ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை என்றார். வழியெல்லாம் வேறு பேச்சில்லை, நானும் முகம் கொடுக்கவில்லை. நான் சொன்னது சரி என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

சித்தப்பா உப்பளத்தில்தான் இருந்தார். ஆனால் வேலை செய்யவில்லை. வரப்பு மேட்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பாத்திகளில் வேறு ஆட்கள் பலகை பிடித்து வாரிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயில்.

சின்னம்மா என்னைக் கண்டதும் மூக்கைச் சிந்தினாள். "வேலைக்கு எங்க பாப்பா போனாரு? காலையில எழுந்து இங்க வந்து குந்திக்கறாரு. ராத்திரி வீட்டுக்குள்ள படுக்கவே மாட்டேங்கறாரு. கட்டிலத் தூக்கி வெளியில போடுன்றாரு. கதவைச் சாத்தினா மூச்சு முட்டுதாம். இன்னா ஆச்சுன்னே தெரியல."

டாக்டர் வேட்டி கட்டியவரைப் போல நிதானமாகப் பேண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வரப்பில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். அதையே கேட்டார்.

"அந்த ரூம்ல நீங்க என்ன பார்த்தீங்க?"

சித்தப்பாவுக்குப் பேச்சு குழறும். மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் தெரியாது சார். மூஞ்சியில அந்த வலையைப் போட்டுப் பூட்டிட்டு எல்லாரும் வெளிய ஓடிடறாங்க. கதவு சாத்தற சத்தம் கேக்கும். அவ்ளோ பெரிய கதவு. அங்க இருந்தா அவங்களுக்கு ஆவாதுன்னுதானே ஓடறாங்க? எல்லாருக்கும் ஆவாத எடத்துல என்னை மட்டும் பூட்டி வெச்சுட்டு... கூப்புடலாம்னா வாயத் தொறக்க முடியாது."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம்னு சொல்றாங்க. எனக்குத் தெரியல."

சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தக் கன்னம் ஒத்துழைக்கவில்லை.

"பாப்பாவுக்குத் தெரியுமே. கை வலி போச்சா பாப்பா?"

அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. எட்டு பேர் கூடி முடிவு செய்த வைத்தியம். சதையைப் பார்த்தோம், ஸ்கேன் பார்த்தோம், எடை பார்த்தோம். வைத்தியம் நடக்கிற பத்து நிமிடம் எட்டு பேரில் ஒருவர்கூட அவரோடு இல்லை. அவர் பயந்ததைப் பார்த்த ஒரே ஆள் நான். சட்டைக் கைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு, ஊரைப் பற்றிப் பெரிதாகக் கதை அளந்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து அந்தப் பழைய பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு என் மடியில் வைத்தார்.

"நீங்களே எழுதிடுங்க."

"ஒண்ணுமில்ல" என்பதற்குப் பக்கத்தில், பஸ் ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதினேன். மணிக்கட்டில் ஐந்து நகக்குறி.

ரேடியேஷன் அறைக்கு ஒரு மைக் உண்டு. வெளியே, உள்ளே படுத்திருப்பவரைக் காட்டும் மானிட்டருக்கு முன்னால் இருக்கும். "ஆடாதீங்க" என்று சொல்வதற்கு மட்டும் அதைத் தொடுவோம். சித்தப்பா திரும்பி வந்த நாளிலிருந்து, கதவு சாத்தினதும் யாராவது ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பது, ஆளுக்கு ஒரு நாள் முறை என்று மேஜையில் முடிவு செய்தோம். பிறகு வந்த நோயாளிகளுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் நாளைப் பெத்தாலஜி டாக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குப் பேசத் தெரியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டெக்னீஷியன் என்னைப் பார்த்தான். அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தார்.

"இப்ப மணி பத்து இருபது. இங்க சிஸ்டர் நிக்கறாங்க. டெக்னீஷியன் தம்பி மானிட்டர் முன்னாடி இருக்காரு. சர்ஜன் மேடம் இப்பத்தான் வர்றாங்க. எல்லாரும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். யாரும் ஓடல. நான் சொல்றது கேக்குதுன்னா கட்டை விரலை ஆட்டுங்க."

திரையில் சித்தப்பாவின் கட்டை விரல் அசைந்தது.

"பார்த்தேன்" என்றார் அவர்.

மற்றவர்கள் முறை வந்தபோது ஆளுக்கு ஒன்றைப் பேசினார்கள். சர்ஜன் மேடம் கோயில் திருவிழா சொன்னார், நான் ஊர்க்கதை சொன்னேன். ஆனால் முறை இல்லாத நாளிலும் அவர் வந்துவிடுவார். நாள் போகப் போக அவருக்கும் பேச்சு வந்தது. இன்றைக்குத் தயிர்சாதம், தானே வடித்தது, குழைந்துவிட்டது என்பார். மாடி வீட்டுக் கதவு மழைக்கு ஊறிப்போய்த் திறக்க மாட்டேனென்கிறது என்பார். அக்கா ஒருத்தி திருச்சிப் பக்கம் இருக்கிறாள், கண் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேசுவாள் என்பார். பதில் பேச முடியாத ஒரு மனிதரிடம்தான் அவர் இதையெல்லாம் சொன்னார். பின்னால் நின்ற நாங்களும் கேட்டோம். கேட்டுவிட்டு எங்கள் வேலைக்குப் போனோம். சார், கதவைச் சரி செய்தாயிற்றா என்று ஒருவரும் அவரிடம் விசாரித்ததில்லை.

சித்தப்பா முழுக்க முடித்தார். ஆனால் நடுவில் விட்ட நாட்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அடுத்த சீசனுக்கு முன்னால் நோய் கழுத்தில் திரும்பி வந்து, மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். விடாமல் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ரேடியேஷன் டாக்டர். என் மனசுக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. அதற்கப்புறம் நான் மேஜையில் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதே இல்லை. ஒரு நோயாளி செருப்பைக் கால் மாற்றிப் போட்டு வந்தால்கூடச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனார். நோட்டை மீட்டிங் ரூம் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது வாரம் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. உடம்பு சரியில்லாமல் இருந்தது அக்காவுக்கு இல்லை. அவருக்குத்தான், கணையத்தில் புற்று. கல்லீரல் முழுக்கப் பரவிய பிறகுதான் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்களாம். எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மீட்டிங்கை நடத்துவது சர்ஜன் மேடத்தின் முறை. ஃபைல் ஒன்றையும் எடுக்கவில்லை. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. டெக்னீஷியன்தான் முதலில், "கடைசியா மைக் பிடிச்சப்ப சாருக்குக் கண்ணு மஞ்சளா இருந்துச்சு. திரை வெளிச்சம்னு நினைச்சேன்" என்றான்.

மேடம் தலையை நிமிர்த்தினார். அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்து, புதுப் பக்கம் பிரித்து என்னிடம் தள்ளினார்.

"எழுதுங்க சிஸ்டர்." பிறகு மேஜையைச் சுற்றிப் பார்த்து, அவர் கேட்பது போலவே கேட்டார். "நீங்க என்ன பார்த்தீங்க?"

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஸ்கேன் டாக்டர், அவர் நாற்காலியில் ஒரு மாதமாக முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். கீமோ டாக்டர், மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் இளைப்பாறியதைச் சொன்னார். டயட் மேடம், டிபன் டப்பாவைத் திறக்காமலேயே திரும்ப எடுத்துப்போனதை இரண்டு தடவை பார்த்ததாகச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். டீ அக்கா வாசலிலேயே நின்று, "டீ வேணாம்னுட்டாரு சார் ரெண்டு மாசமா. வவுறு எரியுதுன்னாரு" என்றாள். ரேடியேஷன் டாக்டர், முதுகு வலி மாத்திரை தன்னிடம் கேட்டு வாங்கியதைச் சொன்னார். மேடமே, கை கொடுத்தபோது அவர் விரலில் மோதிரம் தளர்ந்து சுற்றியதைச் சொன்னார்.

என் முறை வந்தது. நான் பார்த்திருந்தேன். அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை, கத்தரிக்கோல் முனையால் குத்தியது. பத்து நாள் கழித்து அதற்கும் உள்ளே இன்னொன்று. அத்தனை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துச் சொன்ன நான், இதைச் சொல்லவில்லை. அவர் கேட்டது நோயாளிகளைப் பற்றி. அவர் பெயர் எந்த ஃபைலிலும் இல்லை.

எழுதி முடித்ததும் மேடம் நோட்டை வாங்கி, மற்ற பக்கங்களைப் படிப்பது போலவே மேலிருந்து கீழே சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பக்கம் ரெண்டு மாசம் முன்னாடி இந்த மேஜைக்கு வந்திருந்தா, அன்னைக்கே ஸ்கேன் எழுதியிருப்போம்."

நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் கேட்கிறேன், கேட்டு முடித்ததும் என்னையும் கேட்கச் சொல்கிறேன். அவருடைய பக்கத்தில் கடைசி வரியில் "நான்:" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அவர் எழுதும் அந்த இடத்தில் நான் எழுத ஒன்றுமில்லை.